கல்லூரிக் கூடைப்பந்து: ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டு, அணிக்கு ஓராண்டு

வாசகர் ஒருவர் எழுப்பியது, 8 ஏப்ரல் 2025

அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடா 65-63 என்று ஹூஸ்டனை வென்றதைப் பார்த்தேன். வென்ற அணியின் முக்கியமான மூவர் வேறு கல்லூரிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் இந்த ஆட்டத்தைக் கல்லூரிக் கூடைப்பந்து என்று இனியும் எதற்குச் சொல்ல வேண்டும்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து செத்துவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

9 ஏப்ரல் 2025

பாதி மறுக்கிறேன். மூவரும் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது உண்மைதான். வால்டர் கிளேட்டன் அயோனாவிலும், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலும், வில் ரிச்சர்ட் பெல்மான்டிலும் ஆடியவர்கள். ஆனால் ரிச்சர்ட் ஃபுளோரிடாவில் மூன்று பருவங்கள் ஆடியிருக்கிறார், கிளேட்டன் இரண்டு. நேற்று வாங்கி இன்று களத்தில் இறக்கிய ஆட்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் கிளேட்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் ஃபுளோரிடா 12 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் எமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பியபோது கிளேட்டன் பாய்ந்து வந்து மறித்த வேகத்தில் ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டார், தானே அதைத் தொட்டால் விதிமீறல் என்பதால் எடுக்கவும் முடியாமல் நின்றார். எட்டு மாதங்களில் கூட்டிச் சேர்த்த கூலிப்படை அப்படி ஆடாது என்பது என் எண்ணம்.

பணம் புதிது என்பதையும் நான் ஏற்கவில்லை. 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. உதவிப் பயிற்சியாளர்களையும் அடிடாஸ் நிறுவனத்தின் அலுவலர் ஒருவரையும் லஞ்ச வழக்கில் கைது செய்தபோது வெளியே வந்தவை புதிய பழக்கங்கள் அல்ல. முன்பு மேசைக்கு அடியில் நடந்தது இப்போது மேசை மேல் நடக்கிறது. பயிற்சியாளருக்கு ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம். ஆண்டின் பட்டத்தைத் தீர்மானிக்கும் மார்ச் மாதப் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்கு சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 2010 இல் 14 ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்ட தொகை 10.8 பில்லியன் டாலர். இதையெல்லாம் அமெச்சூர் ஆட்டம் என்று அழைத்தபோது வராத கோபம், ஆடுகிறவன் கைக்குப் பணம் போனதும் வருவதுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்படியென்றால் மாறியது என்ன? அதை யோசித்துத்தான் எழுத வேண்டும்.

11 ஏப்ரல் 2025

நான் இந்தியானாவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவன். கூடைப்பந்தில் எந்த ஈடுபாடும் இல்லாமல்தான் போய்ச் சேர்ந்தேன். ஜனவரிக் குளிரில் மாலை ஏழு மணிக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லாத ஊர் வெஸ்ட் லஃபாயெட்; அறைத்தோழன் இழுத்துக்கொண்டு மேக்கி அரங்கத்துக்குப் போனான். அங்கே என்னைப் பிடித்துவைத்தது ஆட்டத்தின் நுணுக்கம் அன்று, ஆட்களின் தொடர்ச்சி. ராபி ஹம்மல், இட்வான் மோர், ஜாஜுவான் ஜான்சன் மூவரும் 2007 இல் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். 2010 பிப்ரவரியில் மினசோட்டாவில் ஹம்மலின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், பயிற்சியின்போது, அதே முழங்கால் மறுபடியும். மற்ற இருவரும் நான்கு ஆண்டுகள் முடித்து 2011 இல் போனார்கள்; ஹம்மல் ஐந்தாம் ஆண்டுக்குத் திரும்பி வந்து ஆடினார். அவர் திரும்பியபோது அரங்கில் எழுந்த ஓசையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இப்படி எழுதினால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இருந்தது என்ற பாட்டில்தான் முடியும். அங்கேதான் நான் நிறுத்திக்கொள்கிறேன். அன்று வேறு கல்லூரிக்கு மாற விரும்பிய ஆட்டக்காரர் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்பது விதி. பழைய கல்லூரி சம்மதிக்காவிட்டால் சில இடங்களுக்குப் போகவே முடியாது. பயிற்சியாளருக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. தோற்ற மறுநாள் விமானம் ஏறலாம். நாம் விசுவாசம் என்று கைதட்டியதில் ஒரு பங்கு, பூட்டிய கதவு.

அந்தக் கதவு திறந்த வரிசை இது. 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்புவோருக்கான பதிவுத் தளமான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் பெயரைப் பதிந்தால் போதும். 2021 இல் ஒரு முறை உட்காராமலே மாறலாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம், ஆட்டக்காரர்களுக்குக் கல்வி சார்ந்து தரும் சலுகைகளுக்கு வரம்பு வைத்தது பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பத்து நாட்களில், ஜூலை 1 முதல், தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவர் பணம் ஈட்டலாம் என்ற என்.ஐ.எல். ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் மாறுவோரைக் கட்டுப்படுத்திய விதிக்குத் தடை விதிக்க, 2024 இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. பணமும் மாற்றச் சுதந்திரமும் தனித்தனியே வந்திருந்தால் இவ்வளவு ஆட்டம் கண்டிருக்காது. இரண்டும் ஒரே கோடையில் வந்து சேர்ந்ததுதான் விஷயம்.

14 ஏப்ரல் 2025

சிறிய கல்லூரிகளைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர் குறைவு, ஏனென்றால் சின்ன அணிகளின் அற்புதங்களில் அடிவாங்கும் வேடம் பர்டூவுக்குத்தான் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2021 இல் வடக்கு டெக்சஸ். 2022 இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், போட்டிக்கு முன் வலிமைப்படி ஒன்று முதல் பதினாறு வரை வரிசைப்படுத்துவதில் பதினைந்தாம் நிலை அணி. முதலில் கென்டக்கியை வீழ்த்தியது, பிறகு எங்களை 67-64. 2023 இல் முதல் நிலை அணியாகப் போய்ப் பதினாறாம் நிலையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58. ஏழடி நான்கங்குல உயரமுள்ள சாக் ஈடி எங்கள் பக்கம். நாட்டிலேயே உயரம் குறைந்த அணி எதிர்ப்பக்கம். இதற்கு மேல் நான் எதையும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த அற்புதங்களுக்கு மறுநாள் என்ன நடந்தது என்று பாருங்கள். செயின்ட் பீட்டர்ஸ் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலவே சீட்டன் ஹாலுக்குப் போனார். அவருடைய ஆட்டக்காரர்கள் சிதறினார்கள். 2023 மார்ச்சில் ரிக் பிட்டினோ அயோனாவிலிருந்து செயின்ட் ஜான்ஸுக்குப் போனார். எங்களை வீழ்த்திய ஃபேர்லி டிக்கின்சன் பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன் அந்த அயோனா இடத்துக்கு வந்தார். பிட்டினோ இல்லாத அயோனாவிலிருந்து ஓர் இளைஞர் கிளம்பி ஃபுளோரிடாவுக்குப் போனார். அவர்தான் இந்த இழையில் என் முதல் பதிவில் வரும் வால்டர் கிளேட்டன். ஒரு கண்ணி நகர்ந்தால் நான்கு கல்லூரிகள் நகர்கின்றன, ஒவ்வொரு நகர்விலும் மேலே இருப்பவனுக்கே லாபம்.

இந்த ஆண்டின் டிரேக் கதையும் அப்படித்தான். இரண்டாம் பிரிவில் வடமேற்கு மிசூரிக்கு நான்கு பட்டங்கள் வென்று தந்த பென் மெக்காலம் டிரேக்குக்கு வந்தார். தன் பழைய ஆட்டக்காரர்கள் சிலரையும் அழைத்துவந்தார். 31 வெற்றி, 4 தோல்வி. மார்ச் போட்டியில் மிசூரியை வென்றார்கள். பருவம் முடிந்ததும் அவர் அயோவாவுக்குப் போய்விட்டார். அணியின் நடுநாயகமான பென்னெட் ஸ்டர்ட்ஸும் கூடவே போய்விட்டார். டிரேக்குக்கு எஞ்சியது நினைவு.

இவ்வாண்டு கடைசிப் பதினாறு அணிகளும் கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்புகளில் நான்கிலிருந்தே வந்தவை: எஸ்.இ.சி. ஏழு, பிக் டென் நான்கு, பிக் டுவெல்வ் நான்கு, ஏ.சி.சி. ஒன்று. கடைசி நான்கு அணிகளின் சுற்றான ஃபைனல் ஃபோருக்கு வந்த நால்வரும் முதல் நிலை அணிகள்; 2008 க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. 2010, 2011 என அடுத்தடுத்து இரண்டு இறுதி ஆட்டங்களுக்கு இண்டியானாபொலிஸின் பட்லர் வந்தது எப்படி என்று யோசித்துப் பார்க்கிறேன். உள்ளூர்ப் பையன்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்தே ஆடினார்கள், யாரும் கொத்திக்கொண்டு போகவில்லை. இன்றிருந்தால் முதல் ஆண்டு முடிவிலேயே அந்த அணியின் பாதிப் பேருக்கு வேறு சட்டை.

15 ஏப்ரல் 2025

மேலே பட்லரைப் புகழ்ந்துவிட்டதால் ஒரு சிறு சேர்க்கை. 2011 இறுதி ஆட்டத்தில் பட்லர் 64 முறை எறிந்து 12 முறைதான் கூடையில் போட்டது. கனெக்டிகட் 53-41 என்று வென்றது. அந்தக் காலத்து ஆட்டம் அழகு என்பவர்கள் அந்த ஒளிப்பதிவை முழுதும் ஒரு முறை பார்க்கட்டும்.

19 ஏப்ரல் 2025

ஆட்டத்தின் தரம் பற்றி எழுந்த வாதத்துக்கு. பணம் வந்ததால் ஆட்டம் கெட்டது என்று சொல்பவர்கள் எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்று சொல்வதில்லை. 1982 இல் ஏ.சி.சி. இறுதி ஆட்டத்தில் வட கரோலினா வர்ஜீனியாவை 47-45 என்று வென்றது. மைக்கேல் ஜோர்டனும் ஜேம்ஸ் வொர்தியும் ஒரு பக்கம், ரால்ஃப் சாம்ப்சன் மறுபக்கம். அத்தனை திறமையையும் களத்தில் வைத்துக்கொண்டு பந்தைப் பிடித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள், ஏனென்றால் எறிந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கடிகாரம் இல்லை. அந்தக் கடிகாரம் 1985-86 பருவத்தில் 45 விநாடியாக வந்தது, பிறகு 35 ஆயிற்று, 2015-16 இலிருந்து 30. மூன்று புள்ளிக் கோடு 1986-87 இல் 19 அடி 9 அங்குலத்தில் தொடங்கி, இரண்டு முறை பின்னால் தள்ளப்பட்டு, ஆண்களுக்கு 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலத்தில் நிற்கிறது.

இன்றைய ஆட்டம் பார்க்க நன்றாக இருப்பதற்கு இவற்றைவிட எளிய காரணம் வேறொன்று உண்டு. ஆடுகிறவர்களுக்கு வயது கூடியிருக்கிறது. 22, 23 வயது ஆண்மகனின் தோளும் பொறுமையும் 18 வயதுப் பையனிடம் இருப்பதில்லை. கோவிட் ஆண்டான 2020-21 எல்லோருக்கும் கணக்கில் சேராத ஆண்டாக்கப்பட்டதால் ஐந்து, ஆறு பருவங்கள் ஆடியவர்கள் களத்தில் இருக்கிறார்கள். ஹூஸ்டனின் ஜேவான் ராபர்ட்ஸ் அவர்களில் ஒருவர், ஒரே கல்லூரியில் அவ்வளவு காலமும் இருந்தவர். இந்தச் சலுகையின் கடைசித் தலைமுறை இந்த ஆண்டோடு வெளியேறுகிறது.

22 ஏப்ரல் 2025

இன்றோடு போர்ட்டல் மூடுகிறது. முதல் பிரிவில் 364 கல்லூரிகள்; ஆண்கள் பிரிவில் மட்டும் 2000 க்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அணிக்குப் பதினைந்து பேர் என்று தோராயமாக வைத்தால் ஐந்தில் இருவர். கதவு திறந்த நாள் மார்ச் 24. அன்று கடைசிப் பதினாறு அணிகள் இன்னும் போட்டியில் இருந்தன. அடுத்த சுற்றுக்குத் தன் அணியைத் தயார் செய்துகொண்டிருக்கும் பயிற்சியாளர் இரவில் அடுத்த ஆண்டு அணிக்குத் தொலைபேசி போட வேண்டும். இதை ஏற்பாடு செய்தவர்கள் ஆட்டம் என்ற ஒன்றைப் பார்த்ததுண்டா?

கென்டக்கியைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் ஜான் காலிபரி ஆர்கன்சாவுக்குப் போனதும் மார்க் போப் வந்தார். முந்தைய ஆண்டின் உதவித்தொகை ஆட்டக்காரர் ஒருவர்கூட எஞ்சவில்லை. முழு அணியையும் புதிதாகச் சேர்த்தார். கடைசிப் பதினாறு வரை வந்தார்கள். அதைத் திறமை என்று நான் மெச்சுகிறேன். ஆனால் கென்டக்கி ரசிகர் நவம்பரில் அரங்குக்குப் போகும்போது ஆட்டக்காரர்களின் பெயரை அட்டையில் படித்துத்தான் கைதட்ட வேண்டியிருந்தது.

என் பதில் இப்போது எனக்குத் தெளிவாகிறது. மாறியது பணம் அன்று, காலம். ஆட்டக்காரர் கல்லூரியில் இருக்கும் காலம் நீண்டிருக்கிறது. ஒரு கல்லூரியில் இருக்கும் காலம் குறுகியிருக்கிறது. நாலு ஆண்டு ஓர் அணி வளர்வதைப் பார்ப்பதுதான் நாங்கள் காதலித்த விஷயம் என்றால், அதற்குத்தான் சேதம்.

23 ஏப்ரல் 2025

பயிற்சியாளர்கள் பாவம் என்று ஒருவர். எல்லோரும் பாவமில்லை. ராய் வில்லியம்ஸ் 2021 இல், மைக் ஷெஷெவ்ஸ்கியும் ஜே ரைட்டும் 2022 இல், ஜிம் பேஹைம் 2023 இல் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர்களில் சிலர் வயதானதால் போனார்கள், எல்லாவற்றையும் போர்ட்டல் தலையில் கட்ட வேண்டாம். டோனி பென்னெட் விஷயம் வேறு. வர்ஜீனியாவுக்கு 2019 பட்டம் வென்று தந்தவர், 55 வயது, பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்த 2024 அக்டோபரில் விலகினார். இந்தப் புதிய சூழலில் பயிற்சியளிக்கத் தான் பொருத்தமானவன் அல்லன் என்றார். மாணவர்களுக்குப் பணம் கிடைப்பதை அவர் எதிர்க்கவும் இல்லை. அதே டிசம்பரில் மயாமியின் ஜிம் லரனாகா, 2023 இல் ஃபைனல் ஃபோருக்கு அணியை அழைத்துச் சென்றவர், சோர்ந்துவிட்டேன் என்று பருவத்தின் நடுவில் எழுந்துபோனார்.

2 மே 2025

தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 2021 இல் 353, இந்த ஆண்டு 106 என்று ஒருவர் எண்ணை வைத்து, கல்லூரியில் கிடைக்கும் பணமே இதற்குக் காரணம் என்கிறார். திசை சரி, ஆனால் அந்த 353 ஐ அப்படியே நம்பக் கூடாது. மேலே சொன்ன கோவிட் சலுகையால் அந்த ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர்களுக்கும் தகுதி மிச்சமிருந்தது. வழக்கமாகத் தாமாகவே டிராஃப்டுக்குள் வந்துவிடுபவர்கள் அப்போது பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. எண் ஊதிவிட்டது. அதைக் கழித்துப் பார்த்தாலும் சரிவு பெரிதுதான். இரண்டாம் சுற்றில் தேர்வாகி, உத்தரவாதமில்லாத ஒப்பந்தத்தோடு சின்ன ஊரில் ஆடுவதைவிடக் கல்லூரியில் இன்னோர் ஆண்டு இருப்பது லாபம் என்றால் யார்தான் போவார்கள்? பள்ளி முடித்தவர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து ஈர்ப்பதற்காக என்.பி.ஏ. தன் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில் 2020 இல் தொடங்கிய இக்னைட் அணியும் 2024 இல் மூடப்பட்டது. அது கொடுக்க வந்ததைக் கல்லூரியே கொடுக்கத் தொடங்கிவிட்டது.

7 ஜூன் 2025

நேற்று நீதிபதி கிளாடியா வில்கன் ஆட்டக்காரர்களுக்குப் பணம் போகாமல் தடுத்த விதிகளை எதிர்த்து என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் அளித்துவிட்டார். ஜூலை 1 முதல் கல்லூரியே தன் வருமானத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரியின் உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர். 2016 முதல் ஆடியவர்களுக்கு இழப்பீடாக 2.8 பில்லியன், பத்து ஆண்டுகளில். கூடைப்பந்து அணிக்கு உதவித்தொகை 13 என்ற வரம்பு போய், அணிக்கு 15 பேர் என்ற வரம்பு வருகிறது. வெளி ஒப்பந்தம் 600 டாலரைத் தாண்டினால் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் நடத்தும் தளத்தில் பதிந்து ஒப்புதல் பெற வேண்டுமாம். அது நாலு வழக்குகளுக்கு மேல் தாங்கும் என்று நான் நினைக்கவில்லை.

இதே நீதிபதிதான் 2014 இல் ஓபேனன் வழக்கில் தீர்ப்புச் சொன்னவர். எட் ஓபேனன் 1995 இல் யு.சி.எல்.ஏ.வுக்குப் பட்டம் வென்று தந்தவர். பல ஆண்டுகளுக்குப் பிறகு நண்பர் வீட்டில் ஒரு வீடியோ விளையாட்டில் தன் உருவமும் தன் எண்ணும் ஓடுவதைப் பார்த்தார். தனக்கு அதிலிருந்து ஒரு காசுகூட வரவில்லை என்பதால் 2009 இல் வழக்குப் போட்டார். பணம் கல்லூரி ஆட்டத்தைக் கெடுத்தது என்று எழுதுவோர் அந்த வீடியோ விளையாட்டை யார் விற்றார்கள் என்பதையும் எழுதினால் நல்லது.

கூடைப்பந்துக்கு இதில் ஒரு வேடிக்கையான விளைவு இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் அந்த 20.5 மில்லியனின் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கே போகும். பெரிய அளவில் கால்பந்து இல்லாத பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் கல்லூரிகள் தங்களால் முடிந்ததைக் கூடைப்பந்திலேயே போடலாம். செயின்ட் ஜான்ஸ் 2024-25 இல் 31 வெற்றி, 5 தோல்வி என்று பிக் ஈஸ்ட் பட்டம் வென்றது; பிட்டினோவுக்குப் பின்னால் தாராளமான ஒரு பழைய மாணவர் இருக்கிறார். கடைசியில் அவர்களை வீழ்த்தியது காலிபரியின் ஆர்கன்சா. பழைய பெருச்சாளிகள் இருவரும் புதிய விதிகளில் நன்றாகவே பிழைக்கிறார்கள்.

27 ஜூன் 2025

டிராஃப்ட் முடிந்தது. டியூக்கின் கூப்பர் ஃபிளாக் முதலிடம்; எதிர்பார்த்ததுதான். ரட்கர்ஸின் டிலன் ஹார்ப்பர் இரண்டாமிடம், ஏஸ் பெய்லி ஐந்தாமிடம். முதல் ஐந்து பேரில் இருவரை வைத்துக்கொண்டு ரட்கர்ஸ் இந்தப் பருவத்தில் 15 வென்று 17 தோற்றது. ஓர் ஆண்டு மட்டும் வந்துபோகும் முதலாண்டு மாணவர்களை நம்பி அணி கட்டுவதன் முடிவுக்கு இதைவிட நல்ல சான்று எங்கும் கிடைக்காது. 2005 ஒப்பந்தத்தில் என்.பி.ஏ. 19 வயது விதியைக் கொண்டுவந்த பின், கெவின் டுரான்ட் போன்றவர்கள் ஓராண்டு வந்து போன காலம் ஒன்று இருந்தது. 2012 இல் அந்தோனி டேவிஸின் கென்டக்கி, 2015 இல் டியூக் அப்படியே பட்டமும் வென்றன. இப்போது டியூக்கூட ஃபிளாக்குக்குத் துணையாக டுலேனிலிருந்து சயான் ஜேம்ஸையும் எங்கள் பர்டூவிலிருந்து மேசன் கில்லிஸையும் அழைத்துக்கொண்டது. 2024 இறுதி ஆட்டத்தில் எங்களுக்காக ஆடிய கில்லிஸை அடுத்த ஃபைனல் ஃபோரில் டியூக் நீலத்தில் பார்த்தேன். கோபம் வரவில்லை, அவர் படிப்பை முடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் கண் பழக நேரம் பிடித்தது.

9 ஜூலை 2025

பெண்கள் ஆட்டத்தைப் பற்றி யாருமே பேசவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார்கள்; நியாயம். 2021 இல் சான் அன்டோனியோவில் பெண்கள் போட்டிக்கு வைத்திருந்த பளுப்பயிற்சிக் கருவிகளை ஓரகன் ஆட்டக்காரர் செடோனா பிரின்ஸ் படமெடுத்துப் போட்டார்: ஒரு சின்ன அடுக்கு எடைகள், அவ்வளவுதான். ஆண்களுக்கு ஒரு மண்டபமே இருந்தது. ஆண்கள் போட்டிக்கு வழங்கும் மார்ச் மேட்னஸ் என்ற பெயரைப் பெண்கள் போட்டிக்குப் பயன்படுத்தவே 2022 இல்தான் விட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 2024 இல், தென் கரோலினா–அயோவா இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் 18.9 மில்லியன் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 14.8 மில்லியன். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் ஒருவரால் வந்தது என்பார்கள். அவரை ரசிகர்கள் நான்கு ஆண்டுகள் ஒரே சட்டையில் பார்த்ததால் வந்தது என்று நான் சொல்வேன். பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. விதிப்படி அமெரிக்கப் பெண்கள் 22 வயதுவரையோ படிப்பு முடியும்வரையோ காத்திருக்க வேண்டும். பெய்ஜ் பியூக்கர்ஸ் ஐந்து ஆண்டுகள் கனெக்டிகட்டில் இருந்து, முழங்கால் காயத்தில் ஒரு பருவத்தை இழந்து, கடைசி ஆட்டத்தில் பட்டம் வென்றார். அந்தக் கதையை ஆண்கள் ஆட்டம் இனி எங்கே போய்த் தேடும்?

பெண்கள் பக்கமும் காற்று மாறுகிறது. இந்த ஏப்ரலில் டிராஃப்டில் மிக உயர்ந்த இடத்தில் போகக்கூடிய ஒலிவியா மைல்ஸ் அதைத் தவிர்த்துவிட்டு, நோட்ர டேமிலிருந்து டி.சி.யு.வுக்கு மாறினார். முதல் தேர்வாகப் போகிறவருக்கே இந்த ஆண்டுச் சம்பளம் 78,831 டாலர்தான் என்பதை நினைவில் வைத்தால் அவர் கணக்கு புரியும்.

18 ஜூலை 2025

வெளிநாட்டு மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் வந்த ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பணம் உண்டா என்ற கேள்வி, இங்கே பலர் அந்த விசாவில் வாழ்ந்தவர்கள் என்பதால் எழுந்திருக்கிறது. வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று நாங்கள் நூலகத்தில் மணி பார்த்துக்கொண்டிருந்த அதே விசாதான் ஈடிக்கும். டொரன்டோவிலிருந்து வந்தவர், 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர், அரங்கு முழுக்க அவர் பெயர். அணியின் மாற்று ஆட்டக்காரர் உள்ளூர்க் கார் விற்பனையகத்துக்கு விளம்பரம் செய்யலாம், அவர் செய்ய முடியாது. கென்டக்கியின் ஆஸ்கார் ஷீப்வே 2022 இல் அணியோடு பஹாமாஸ் போனபோது, அமெரிக்க மண்ணில் இல்லாத அந்தச் சில நாட்களில் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். விசா விதி எழுதியவர்கள் கற்பனை செய்யாத பிழைப்பு.

இதற்கிடையே ஐரோப்பியர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ரியல் மாட்ரிட்டில் வளர்ந்த எகோர் டியோமின் பி.ஒய்.யு.வுக்கு, பார்சலோனாவில் வளர்ந்த கஸ்பராஸ் யாகுச்சியோனிஸ் இல்லினாய்ஸுக்கு. இருவரும் ஓராண்டில் டிராஃப்டின் முதல் சுற்றில் போய்விட்டார்கள்.

5 ஆகஸ்ட் 2025

போட்டியை 68 அணிகளுக்கு மேல் விரிக்கும் யோசனை 2026 க்கு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். நல்லது. விரித்தாலும் அந்த இடங்கள் டிரேக்குக்குப் போகாது. பெரிய கான்ஃபரன்ஸில் பன்னிரண்டாவதாக வந்தவனுக்குத்தான் போகும்.

20 அக்டோபர் 2025

ஏப்ரலில் நான் புலம்பிய விஷயத்தில் மாற்றம். போர்ட்டல் இனி இறுதி ஆட்டத்துக்கு மறுநாள்தான் திறக்கும். 30 நாள் என்பது 15 நாளாகிறது. பயிற்சியாளர்கள் மகிழ்வார்கள். தரகர்கள் மார்ச்சிலேயே பேசி முடித்துவிட்டு ஏப்ரலில் பெயரை மட்டும் பதிவார்கள் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஆனாலும் ஆடிக்கொண்டிருக்கும் அணி கண்ணெதிரே கலைவதைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி.

3 நவம்பர் 2025

நாளை பர்டூவுக்கு முதல் ஆட்டம். செய்தி நிறுவனமான ஏ.பி. பருவத்துக்கு முன் வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் வரலாற்றில் முதல் முறையாக முதலிடம். கூடவே, எல்லாக் கல்லூரியும் பர்டூவைப் போலவே இருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லோயர், ட்ரே காஃப்மன்-ரென் மூவரும் கடைசி ஆண்டுவரை அங்கேயே இருக்கிறார்கள். மூவரும் ஃபேர்லி டிக்கின்சனிடம் தோற்றபோதும் இருந்தவர்கள், அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றபோதும் இருந்தவர்கள். இந்த மார்ச்சில் ஹூஸ்டனிடம் 62-60 என்று தோற்றபோதும். கடைசி நொடியில் எங்களை முடித்த மிலோஸ் உசான் ஓக்லஹோமாவிலிருந்து மாறிவந்தவர்.

முடியாது என்பதே என் பதில். அதற்கு 2005 முதல் ஒரே இடத்தில் இருக்கும் மாட் பெயின்டர் போன்ற பயிற்சியாளர் வேண்டும். பெரிய கல்லூரிகள் பள்ளியிலேயே போட்டி போட்டுக் கொத்திக்கொள்ளாத ஸ்மித் போன்ற உள்ளூர்ப் பையன் வேண்டும். வளர்ந்த பிறகு வரும் அழைப்புகளுக்கு ஈடாகக் கொடுக்கப் பணமும் வேண்டும். மூன்றாவதை யாரும் வெளியே சொல்வதில்லை. பணம் இல்லாமல் இந்தக் காலத்தில் எவரும் நான்காண்டு தங்குவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈடி போன பிறகு நடுவில் ஆள் இல்லாமல் கடந்த ஆண்டு நாங்கள் பட்ட பாட்டைத் தீர்க்க வந்திருப்பவர் ஆஸ்கர் கிளஃப். ஆஸ்திரேலியர், அரிசோனாவில் ஓர் ஈராண்டுக் கல்லூரி, வாஷிங்டன் ஸ்டேட், தெற்கு டகோட்டா ஸ்டேட், இப்போது பர்டூ. நான்காவது சட்டை. முதல் பதிவில் இதையெல்லாம் செத்த ஆட்டம் என்று எழுதியவருக்குத் தெரிவிக்கிறேன்: நாளை அவர் பத்து ரீபவுண்ட் எடுத்தால் நான் எழுந்து நின்று கத்துவேன்.